சடை பின்னிவிடுகிறவர்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க கணவனும் மனைவியும். அந்த அம்மா மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு. நல்ல சேலை, பின்னிய சடை, பிச்சிப்பூ.

"அடுத்த தடவ எனக்குச் சடை பின்னிவிடாதிய" என்றார் அந்த அம்மா.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கதுதான் வினையாப் போச்சு. புது டாக்டரு கம்ப்யூட்டர விட்டு ஒரேயொரு தடவ நிமுந்து பாத்தாரு. 'பாக்க நல்லாத்தான இருக்கீங்க, அதே மாத்திரையப் போடுங்க'ன்னுட்டாரு."

"விரலு மடங்க மாட்டேங்குன்னு சொல்லிருக்கலாம்லா?"

"சொல்ல வாயெடுக்கதுக்குள்ள அடுத்த ஆளக் கூப்பிட்டாச்சு. பழைய டாக்டருன்னா மொதல்ல கையத்தான் புடிச்சுப் பாப்பாரு."

அப்போதுதான் அவருடைய விரல்களைக் கவனித்தேன். கணுக்கள் வீங்கி, ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தன.

சாரல் உள்ளே தெறிக்க, கணவர் ஜன்னலை இழுத்து மூடினார்.

"வெள்ளிக்கிழம மறுபடியும் போவோம். நானும் உள்ள வாரேன்."

"தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டா? எனக்கு மானம் போயிரும்."

"சீப்பப் பையில எடுத்து வச்சுக்கோ. அந்த டாக்டரு முன்னால வச்சே பின்னிவிடுதேன். ஒங்க சடைய நீங்க ஏன் பின்னலன்னு அவரு கேக்கட்டும்."

அந்த அம்மா, நழுவிய பூவைக் கணவர் சரிசெய்ய, தலையைக் குனிந்து கொடுத்தார்.

"அன்னைக்காவது கோணலில்லாமப் பின்னுங்க."