டத்தோவுக்கு ஒரு வணக்கம்

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். சுங்கைப் பட்டாணியில் உப்புக்கு வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம், அவளைத் தேடி வந்த தோட்டத்து ஆள் ஒருவர் கிசுகிசுத்தார்:

“தங்கச்சி, உன் வீட்டுக்காரன் புலிக்கு வணக்கம் வச்சிட்டான்!”

ஒட்டுக் கேட்பது பாவம்தான். இதைக் கேட்காமல் இருக்கும் அளவுக்கு நான் நல்லவனில்லை.

“ஐயோ! சயாம்ல ரயில் பாதை போட ஜப்பான்காரங்க ஆள் பிடிக்கிறாங்கன்னுதானே அண்ணே காட்டு வழியா அனுப்பினேன்?”

“கேளு. நானும் கூடத்தான் போனேன். வழி காட்டின மலாய்க்காரர் என்னா மனுஷன்! சருகுகூடச் சத்தம் போடல. எங்க காலுல அட்டை ஏறாம புகையிலைத் தண்ணி தடவி விட்டாரு. திடீர்னு நின்னு ‘டத்தோ’ன்னாரு. காட்டுல புலி பேரைச் சொல்லக் கூடாதாம். பெரிய மனுஷங்களக் கூப்பிடுற மாதிரி மரியாதையா அப்படித்தான் சொல்லணுமாம். உன் ஆளு, யாரோ பெரிய அதிகாரின்னு நெனச்சு இடுப்பு வரைக்கும் குனிஞ்சிட்டான்.”

“அப்புறம்?”

“புலி பாத்துச்சு. திரும்பிப் போயிடுச்சு லா! ஓடியிருந்தா அடிச்சிருக்கும். அந்த மலாய்க்காரரே அசந்துட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள அவன உங்க மாமன் வீட்டுல சேத்துட்டோம்.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர்.

வரிசை ஜப்பான் சிப்பாயிடம் வந்தது. குனியாவிட்டால் அறை விழும். எல்லோரும் குனிந்தோம். மரவள்ளிக் கிழங்கு மட்டுமே தின்று தொந்தி கரைந்திருந்ததால் நானும் சுலபமாகவே குனிந்தேன். முன்னால் அவள் குனிந்தபடியே முணுமுணுத்தது கேட்டது:

“இந்த டத்தோ எப்பண்ணே திரும்பிப் போவாரு?”