துப்பட்டா இல்லாம

நேராவே பாரும்மா. பஸ்ஸு ஜன்னலுக்கு வெளிய பாக்கற மாதிரி பாக்காத, கழுத்து வலிக்கும். தீக்காயந்தான். ஒட்டிக்காது. நாலு வருசம் ஆவுது.

ஆமா, முன்னெல்லாம் மூடிக்கினுதான் இருந்தேன். வளவனூர்ல எங்கம்மா வூட்டுல இருக்கேன். கடைக்குப் போறதுன்னாகூட கண்ணு மட்டும் தெரியற மாதிரி துப்பட்டாவ சுத்திக்குவேன். அப்பறம் அதுவும் இல்ல, வெளியவே போறதில்ல. எங்கம்மாதான் பேஜாரு பண்ணி விழுப்புரத்துல அருணா மேடம்கிட்ட இஸ்துகினு போச்சு. கவுன்சிலிங்கு.

ஒப்பாரி வைக்க வுடுவாங்கன்னு நெனச்சேன். அந்தம்மா என்னா ஆச்சுன்னே கேக்கல. நாளைக்குக் காலைல எழுந்திரிக்கிற, ராத்திரியே உன் கஷ்டமெல்லாம் தீந்துபோச்சுன்னு வச்சிக்க, மொதல்ல என்னா பண்ணுவன்னுச்சு. எனக்கு வந்துச்சே கோவம். என் மூஞ்சி திரும்பி வந்துருமான்னேன். வராதும்மா, வந்தா என்னா பண்ணுவ, அத சொல்லுன்னுச்சு. பொண்ண நானே ஸ்கூலுக்கு இட்டும்போயி வுடுவேன்னேன்.

ஐய, உடனே எங்க போனேன். தைரியத்துக்குப் பத்து மார்க்குன்னா உனக்கு எவ்ளோன்னு கேட்டுச்சு. ரெண்டுன்னேன். ஏன் முட்டை இல்ல, அந்த ரெண்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னுச்சு. இதெல்லாம் ஒரு கேள்வியா, சொல்லு. ஆனா யோசிச்சா, எம்பொண்ணு தமிழ்மொழிக்கு ஒருநாளு வலிப்பு வந்து, தூக்கிக்கினு ரோட்டுல ஓடியிருக்கேன். துப்பட்டா ஞாபகமே இல்ல. அத சொன்னேன். அப்ப உனக்குத் தெரிஞ்ச வேலதான, ரெண்டு மூணாவறதுக்கு என்னா பண்ணலாம்னு நீயே சொல்லுன்னுச்சு.

துப்பட்டா இல்லாம தெருமுனைக் கடைக்குப் போயி பால் பாக்கெட்டு வாங்கனேன். அதான் மூணு. ஒருத்தி ஐயோ பாவம்னா. பாவத்த நீயே வச்சிக்க, எனக்குப் பாலு போதும்னு வந்துட்டேன். அப்பறம் ஸ்கூல் கேட்டு வரைக்கும் போனேன். புள்ளைங்க பயப்படும்னு ஒரு டீச்சர் சொன்னாங்க. மறுநாளும் போனேன். புள்ளைங்க பழகிடுச்சுங்க.

பொடவையப் பாத்து கேக்கறியா? கல்யாணத்துக்கு இல்லம்மா. திண்டிவனம் கோர்ட்டுக்கு. சாட்சி சொல்ல முன்னயே கூப்புட்டாங்க, நாந்தான் இந்த மூஞ்சிய வச்சிக்கினு எப்பிடின்னு போவல. தமிழ்மொழி அப்பன் கூண்டுல நிப்பான். மண்ணெண்ணெய ஊத்தனது யாருன்னு கேப்பாங்க. சொல்லிட்டு ஜல்தியா பஸ்ஸப் புடிக்கணும். பொண்ணுக்கு ஸ்கூல் வுட்ருவாங்க.