ஐந்தாம் மாதத்தில் விலகியவர்களுக்காக ஒற்றைக் கையெழுத்திட்ட வெர்னெட்டா டாலிவர் அவர்களுக்கு

மக்கள் எழுதிய மடல்களை மதித்துப் படித்த மாண்பினரே, முப்பத்து மூன்று ஆண்டுகள் முகம் கோணாமல் உழைத்த முதுபெரும் தோழரே, அரசு மொழியின் அடர்ந்த புதருக்குள்ளும் ஆள் ஒருவரின் குரலைக் கேட்டு அடையாளம் கண்டவரே, எங்கள் அன்புக்கும் எங்கள் வெட்கத்துக்கும் ஒருங்கே உரியவரான மிஸ் வெர்னெட்டா அவர்களே, வணக்கம்.

இயக்குநர் அலுவலகம் உங்கள் பணி நிறைவுக்கென்று ஒரு வாழ்த்துப் பலகை அனுப்பியிருக்கிறது. நான்கு வரி. 'அர்ப்பணிப்பு' என்ற சொல் அதில் இரண்டு முறை வருகிறது. உங்கள் பெயரில் ஓர் எழுத்து குறைகிறது. அதை மேசைக்கடியில் பெட்டியோடு வைத்திருக்கிறோம், வேண்டுமானால் எடுத்துச் செல்லலாம். இந்த மடலை நாங்களே எழுதினோம். கல்வித் துறையின் கூட்ட அரங்கு இன்றைக்குக் கிடைக்காது என்றார்கள். வரும் வழியில் எட்டிப் பார்த்தோம், காலியாகத்தான் கிடந்தது. அதனால் பால்டிமோரில், உங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, இந்த நண்டுக் கடையின் பின்னறையில் கூடியிருக்கிறோம். ஒருவகையில் இதுவே பொருத்தம்.

உங்கள் தங்கையும் அவர் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். வாஷிங்டனில் நீங்கள் என்னதான் வேலை பார்த்தீர்கள் என்று அவர்கள் பலமுறை கேட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லூரி மாணவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைக்கும் கடனுக்கும் விதிகள் உண்டு. அந்த விதிகளை மாற்றுமுன் மக்களைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். முதலில் மாணவர், கல்லூரி, கடன் தருவோர் என ஒவ்வொரு தரப்பிலும் ஒருவரை ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேச வேண்டும். நாள் முடிவில் யார் வேண்டுமானாலும் வந்து மூன்று நிமிடம் பேசலாம். பிறகு வரைவை வெளியிட்டு, கடிதங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். வந்த கடிதங்களைப் படித்து, அவற்றில் உள்ள கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகே விதியை உறுதி செய்யலாம். அந்தப் 'படித்து' என்ற ஒரு சொல்தான் முப்பத்து மூன்று ஆண்டுகளாக உங்கள் வேலை.

தட்டச்சராக வந்தீர்கள். முப்பத்தெட்டு வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மாலைக் கல்லூரியில் சேர்ந்தீர்கள். உதவிப் படிவத்தில் ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பியதால் ஓராண்டு உதவி பறிபோய், அந்த ஆண்டு படிப்பையே நிறுத்தினீர்கள். அதை ஒருபோதும் புகாராகச் சொன்னதில்லை. ஆனால் நீங்கள் எந்தக் கடிதத்தையும் பாதியில் வைத்து நாங்கள் பார்த்ததில்லை. எந்த விதி வெளிவந்தாலும் தபால் நிலையத்தைத் திட்டியே எழுதும் மொன்டானா கிழவர் ஒருவர் உண்டு. அவர் கடிதத்தைக்கூடக் கடைசி வரி வரை படிப்பீர்கள். "நாலாவது பக்கத்துல நம்மளப் பத்தியும் ஒரு வரி வரும், பாருங்க," என்பீர்கள். வரும்.

இத்தோடு நிறுத்தி நண்டை உடைக்கத் தொடங்கலாம். வழக்கமான மடல் அப்படித்தான் முடியும். ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்லாமல் உங்களைப் பாராட்டினால், அது பலகையில் உள்ள நான்கு வரிக்கு மேல் ஒன்றும் ஆகாது.

அந்த ஆண்டு வந்த வரைவு, படிக்கும்போதே கல்லூரி மூடப்பட்ட மாணவர்களைப் பற்றியது. கல்லூரி மூடிய நாளுக்கு முந்தைய நான்கு மாதத்துக்குள் விலகியவருக்கு மட்டுமே கடன் தள்ளுபடி; அதற்கு ஒரு நாள் முன்னால் விலகியிருந்தாலும் முழுக் கடனையும் கட்ட வேண்டும். மேசைப் பேச்சின் மூன்றாம் நாள் மாலை, டொலிடோவிலிருந்து பத்து மணி நேரம் பேருந்தில் வந்த காரின் ஸ்டாசியாக் என்ற பெண் பேச எழுந்தார். பல்மருத்துவ உதவியாளர் படிப்பில் சேர்ந்தவர். மளிகைக் கடைச் சீருடையிலேயே வந்திருந்தார்.

"காலேஜ் மூடுறதுக்கு முந்தின அஞ்சாவது மாசத்துலயே நான் வெளிய வந்துட்டேன்," என்றார். "ஏன்னா டீச்சருங்க வர்றத நிறுத்திட்டாங்க. பல்லு புடுங்குற நாற்காலிய வித்துட்டாங்க. வெறும் ரூம்ல உக்காந்திருந்தோம். என் கூட இருந்தவ ஒருத்தி கடைசி வரைக்கும் அந்த வெறும் ரூம்லயே உக்காந்திருந்தா. அவளுக்குத் தள்ளுபடி. நான் புத்தியா வெளிய வந்து வேலைக்குப் போனேன். எனக்கு இல்ல. நான் என்ன தப்பு பண்ணேன்னு யாராச்சும் சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்."

மேசையில் இருந்தவர்கள் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அடுத்த நாள் மாணவர் பிரதிநிதி அந்த நான்கு மாதக் கெடுவை ஏற்க மறுத்தார். ஒருவர் மறுத்தாலும் உடன்பாடு இல்லை. உடன்பாடு இல்லையென்றால் துறை தன் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். அவர் மறுத்ததே எங்கள் இயக்குநர் க்ரான்ட் ஹாலன்பெக்குக்கு வசதியாகப் போயிற்று.

பேசிய அன்றே தாழ்வாரத்தில் காரின் உங்களைத் தேடி வந்தார். "நான் சொன்னத யாராச்சும் எழுதிக்கிட்டாங்களாம்மா?"

"எழுதியிருக்கு கண்ணு. ஆனா கடுதாசியாவும் போடு. கடுதாசின்னா அதுக்குப் பதில் சொல்லியே ஆகணும்."

அவர் எழுதினார். அவரைப் போல் நாற்பத்தோராயிரம் பேர் எழுதினார்கள். ஒப்பந்த நிறுவனத்தின் கணினி அவற்றைப் பிரித்துத் தந்தது. மாணவர் சங்கம் ஒன்று அச்சடித்துக் கொடுத்த ஒரே பத்தியை முப்பத்தெட்டாயிரம் பேர் அனுப்பியிருந்தார்கள். கணினி அவற்றைக் கட்டி 'ஒரே கடிதம்' என்று எண்ணிட்டது. நாங்கள் நிம்மதியடைந்தோம். நீங்கள்தான் அந்தக் கட்டைப் பிரித்தீர்கள். அச்சடித்த பத்திக்குக் கீழே பலர் தங்கள் கையால் எழுதியிருந்தார்கள். சமையல் படிக்கப் போய் அடுப்பே காணாதவர், விமானம் பழுதுபார்க்கப் போய் மாதக்கணக்கில் படம் மட்டும் பார்த்தவர், விலகிய தேதியை அடிக்கோடிட்டு 'பதினேழு நாள் முந்திவிட்டேன்' என்று எழுதியவர். ஆறு வாரம் மதியச் சாப்பாட்டையும் மேசையிலேயே வைத்துக்கொண்டு படித்தீர்கள். கல்லூரி பாடம் நடத்துவதை நிறுத்துவது கதவைப் பூட்டுவதற்கு ஏழு எட்டு மாதம் முன்பே என்று அந்தக் கையெழுத்துகளிலிருந்து திரட்டி, பதினோரு பக்கக் குறிப்பு எழுதினீர்கள்.

அதை இயக்குநரிடம் கொடுத்தபோது நானும் அந்த அறையில் இருந்தேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடினார்.

"இதெல்லாம் ஒரே லெட்டர், வெர்னெட்டா."

"மேல அச்சடிச்சதுதான் ஒண்ணு, க்ரான்ட். கீழ எழுதினவங்க வேற வேற ஆளு."

"விதிய எழுதி முடிச்சாச்சு. ரெண்டு மாசம் முன்னாடியே மேல போயிடுச்சு."

"அப்பக் கடுதாசி வாங்குற கெடுவே முடியலையே."

அவர் குறிப்பை உங்கள் பக்கம் தள்ளினார். நீங்கள் கேட்டீர்கள்: "அப்புறம் எதுக்கு ஜனங்களக் கேட்டோம்?"

"சட்டம் கேக்கச் சொல்லுது. கேட்டாச்சு."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போல் சொன்னார். நான் என் குறிப்பேட்டை மூடிக்கொண்டு உங்களுக்கு முன்பாகவே அறையை விட்டு வெளியே வந்தேன்.

அன்று பிற்பகல் அந்தக் குறிப்பை ஃபிலிஸ், மரிசோல், நான் என எங்கள் மூவரிடமும் கொண்டுவந்தீர்கள். கோப்பில் சேர்த்துவிட்டால் யாரும் எடுக்க முடியாது, நான்கு பேர் கையெழுத்திட்டால் யாரும் ஒதுக்கவும் முடியாது என்றீர்கள். நாங்கள் சொன்னதை இங்கே அப்படியே எழுதுவது என்று மூவரும் முடிவு செய்தோம்.

ஃபிலிஸ் சொன்னார்: "எனக்கு இன்னும் பதினாலு மாசத்துல பென்ஷன், வெர்னெட்டா. இப்பப் போய் என்னை இழுக்காதீங்க."

மரிசோல் சொன்னார்: "நான் வந்து ஆறு மாசம்தான் ஆகுது. ஆள் வெட்டு விழுந்தா முதல்ல எனக்குத்தான்."

நான் சொன்னேன்: "பையன் இந்த வருஷம்தான் காலேஜ் சேர்றான், மிஸ் வெர்னெட்டா."

நீங்கள் சொன்னீர்கள்: "சேரட்டும் ரஸ்ஸல். நல்லதாப் பாத்துச் சேருங்க. பாதியில மூடிடாத காலேஜா."

பிறகு என் மேசையிலிருந்த பேனாவையே எடுத்து, தனியாகக் கையெழுத்திட்டு, கோப்பில் சேர்த்தீர்கள்.

விதி வெளிவந்தது. நாற்பத்தோராயிரம் பேருக்கும் சேர்த்து இரண்டு வாக்கியம்: 'கருத்துகளைக் கவனமாகப் பரிசீலித்தோம். மாற்றம் தேவையில்லை எனக் கருதுகிறோம்.' அந்த இரண்டு வாக்கியத்தையும் எழுதியவன் நான். 'கவனமாக' என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன். யாரும் சேர்க்கச் சொல்லவில்லை.

மாணவர் சங்கம் வழக்குப் போட்டது. நீதிமன்றம் கோப்பைக் கேட்டது. கோப்பில் உங்கள் பதினோரு பக்கம் இருந்தது. தன் ஊழியரே படித்துத் திரட்டிக் கொடுத்ததைத் துறை ஏன் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை என்று கேட்டு, நீதிபதி விதியைத் திருப்பி அனுப்பினார். செய்தி வந்த அன்று மாடியில் யாரோ கை தட்டினார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கும் துணிவு எங்களுக்கு இல்லை.

அதே வாரம் உங்களைத் தரைக்குக் கீழே உள்ள பழைய படிவங்களின் அறைக்கு மாற்றினார்கள். காரணம், 'பணிச் சுமையைச் சீரமைத்தல்'. அங்கே சன்னல் இல்லை. முதல் மாதம் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தோம். இரண்டாம் மாதம் ஃபிலிஸ் மட்டும் வந்தார். அதன்பின் லிஃப்டில் உங்களைக் கண்டால், கைபேசியில் ஏதோ வந்துவிட்டதைப் போல் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் எப்போதும் போல் எங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரித்தீர்கள். அதுதான் எங்களுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்போம்.

நீதிமன்றம் சொன்னபடி துறை பதில் எழுதியது. இந்த முறை நாற்பது பக்கம். ஒவ்வொரு கருத்தையும் மரியாதையாக எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக மறுப்புச் சொல்லி, இறுதியில் அதே நான்கு மாதத்தை வைத்தோம். உங்கள் குறிப்பிலிருந்து பன்னிரண்டு இடங்களில் எடுத்துக்காட்டினோம். பதில் சொல்லியாகிவிட்டதால் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மறுப்பது எப்படி என்பதை உங்கள் பதினோரு பக்கத்திலிருந்தே நாங்கள் கற்றுக்கொண்டோம், மிஸ் வெர்னெட்டா. ஹாலன்பெக் பதவி உயர்வு பெற்றார்.

விதி மறுபடி உறுதியான அன்று நீங்கள் டொலிடோவுக்குத் தொலைபேசியில் பேசியதை மரிசோலிடம் மட்டும் சொன்னீர்கள். உங்கள் அனுமதியோடு இங்கே சொல்கிறேன்.

"என் லெட்டரப் படிச்சீங்களாம்மா?" என்று காரின் கேட்டார்.

"படிச்சேன் கண்ணு. முழுசாப் படிச்சேன். மேல இருக்கவங்களும் இந்தத் தடவ படிச்சாங்க."

காரின் சொன்னார்: "யாரும் படிக்கவே இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன். அதுவே தேவலையா இருந்துச்சு."

அவர் இன்னும் அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறார். பல்மருத்துவ உதவியாளர் படிப்புக்குத் திரும்பவில்லை.

பணி நிறைவு மடலில் இதையெல்லாம் வாசிக்கலாமா என்று ஃபிலிஸ் கேட்டார். ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியும், இதை வாசிக்கத்தான் வந்தேன் என்றும் அவரே சொன்னார். உங்களை நாங்கள் தனியே விட்டோம். துறையைக் குறை சொல்வது எளிது. அந்தத் துறை நாங்கள்தான்.

நல்லவற்றுக்கு நாவும் நீதிக்கு நடுங்காத கையும் கொண்டவரே, இனிமேலாவது உங்கள் கண்கள் பிடித்ததை மட்டும் படிக்கட்டும். முழங்கால் வலி குறையட்டும். பேரப்பிள்ளைகள் வளர்ந்து நல்ல கல்லூரிகளில் நிலைக்கட்டும். நூறாண்டு தாண்டியும் நீங்கள் நலமாக வாழ வேண்டும். எங்களை மன்னிக்க அவ்வளவு காலம் தேவைப்படலாம், மன்னிக்காமல் இருந்தாலும் நீங்கள் வாழ வேண்டும்.

போன வாரம் ஒரு செய்தி வந்தது. அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி புதிய விதிகளுக்கான மேசை கூடுகிறது. மூடப்பட்ட கல்லூரிகள்தான் மீண்டும் பொருள். பேசப் பதிவு செய்தவர்களின் பட்டியலை மரிசோல்தான் திறந்தார். ஆறாவது பெயர் காரின் ஸ்டாசியாக். ஏழாவது வெர்னெட்டா டாலிவர். எந்த அமைப்பின் சார்பில் என்ற இடத்தில், 'பொதுமக்கள்'.

உடனே உங்களை அழைத்தோம். என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டோம்.

"அத அங்க வந்து கேளுங்க," என்றீர்கள். "ஒண்ணே ஒண்ணு. அந்தப் பொண்ணு பேசுறப்ப மூணு பேரும் தலையக் குனிஞ்சு எதையாச்சும் எழுதிட்டிருக்காதீங்க. அவ மூஞ்சியப் பாருங்க."

பார்ப்போம், மிஸ் வெர்னெட்டா.

இவண்,
விதி வரைவுப் பிரிவில் உங்களோடு பணியாற்றிய
ஃபிலிஸ் அடேர் (ஓய்வு), மரிசோல் கின்யோனஸ்,
எழுதி வாசித்த ரஸ்ஸல் ஹெய்ன்ஸ்