இன்ஜின் சூடாகட்டும்

— கதவைச் சாத்தட்டுமா, வேண்டாமா?

— மெதுவா... ஓங்கிச் சாத்தினா ஓட்டையை அடைச்சுப் பூசின பட்டி உதிரும்.

— நான் ஏறி உக்காந்து எவ்வளவு நேரமாச்சு! நீங்க இன்னும் வண்டியையே சுத்திச் சுத்தி வந்துட்டிருக்கீங்க. காவலா?

— இன்ஜின் சூடாகட்டும்.

— அது சூடாகி, நானும் சூடாகியாச்சு.

— ஸ்போர்ட்ஸ் கார்மா இது. நம்ம பஸ் மாதிரி இல்ல. இதுக்கு மானம், ரோஷம் எல்லாம் உண்டு. கூப்பிட்ட உடனே கிளம்பாது.

— காலமெல்லாம் பஸ் ஓட்டினீங்க. ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் ஏத்திட்டுப் போனீங்க. கட்டின பொண்டாட்டிய ஒரு நாளாவது பக்கத்துல உக்கார வச்சீங்களா?

— பஸ்ல டிரைவருக்குப் பக்கத்துல சீட் கிடையாதே. அதனாலதானே இதைத் தேடிப் பிடிச்சேன். ரெண்டே சீட்டு. மூணாவது ஆள் தொங்கக்கூட முடியாது.

— தேடிப் பிடிச்ச லட்சணத்தைத்தான் பாத்தேனே. லாரியில இருந்து இறக்கினப்போ...

— துரு இருந்துச்சு. இல்லேங்கல. நடுவுல அங்கங்க கொஞ்சம் காரும் இருந்துச்சு.

— கொஞ்சம்!

— உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், துருவா வருது. கடைசியில பாத்தா ஒரு ஹாரன்தான் மிச்சம். அடிச்சுப் பாத்தேன். சத்தம் வந்த இடத்தை வச்சுத்தான் மத்ததெல்லாம் எங்கெங்க இருக்கணும்னு கண்டுபிடிச்சேன்.

— அடேங்கப்பா...

— நம்பலன்னா அந்த ஹாரனையே கேளு.

— பெயிண்ட் அடிச்சீங்களே, அந்தக் கதையையும் சொல்லுங்க.

— அதுக்கென்ன? கண்ணாடி மாதிரி இருக்கு.

— பக்கத்துல நின்ன வாஷிங் மெஷினும்தான் கண்ணாடி மாதிரி இருக்கு. செவப்பா.

— அது... தனியா வெள்ளையா நிக்குதே, பாவம்னு...

— ம்.

— என்ன 'ம்'?

— ஒண்ணுமில்ல. வண்டி அழகா இருக்கு. மனசாரத்தான் சொல்றேன். எங்கயும் ஒரு மேடு பள்ளம் இல்ல.

— பட்டி வச்ச இடத்தை உள்ளங்கையால தடவிப் பாக்கணும். கண்ணு விட்டுடும், கை விடாது.

— அதான் இப்பல்லாம் எதை எடுத்தாலும் தடவித் தடவிப் பாக்குறீங்களா? காபி டம்ளரைக்கூட?

— ...பழக்கமாயிடுச்சு.

— என் மூஞ்சியையும்?

— அது வேற பழக்கம்.

— போதும், ஏறுங்க. போலாம்.

— எதிர்க்காத்து அடிக்குதே...

— காத்தே இல்ல!

— அதான் சொல்றேன். இல்லாத காத்து எந்தப் பக்கத்துல இருந்து வரும்னு யாருக்குத் தெரியும்?

— பனியில பஸ் ஓட்டின மனுஷன், காத்துக்குப் பயப்படறீங்களாக்கும்.

— அந்தப் பனியைச் சொல்றியா! ரோடே காணாமப் போச்சு. நிறுத்தினேனா? இல்லயே. தூங்கின ஆளுங்களை எல்லாம் எழுப்பி, 'அவங்கவங்க வீட்டு வாசனை வந்தா குரல் கொடுங்க'ன்னேன். எல்லாரையும் வாசல்லயே இறக்கி விட்டேன். ஒருத்தர் மட்டும் ஜலதோஷத்துல பக்கத்து வீட்டுல இறங்கிட்டார். இன்னைக்கு வரைக்கும் அங்கதான் இருக்கார்.

— பொய்க்கும் ஒரு அளவு இல்லையா?

— அளந்து சொன்னா அது பொய் இல்லமா, கணக்கு.

— சரி... அந்தக் கேட்டு மேல என்ன இருக்கு, சொல்லுங்க.

— எந்தக் கேட்டு?

— நம்ம வீட்டுக் கேட்டுதான். இதோ, எதிர்ல.

— ...காக்கா.

— காக்காவா?

— ஆமா. அப்போலேர்ந்து பாத்துட்டுதான் இருக்கேன். அதுக்கு நம்ம வண்டி மேல ஒரு கண்ணு.

— என்னங்க...

— விரட்டினா போயிடும். சூ! சூ!

— அது குடைங்க. காயட்டும்னு நான் மாட்டி வச்சது.

— ...அதான் பறக்கல.

— எப்போலேர்ந்து?

— எது?

— என்னங்க.

— ...உப்புத்தாள் தேய்க்க ஆரம்பிச்சப்போ, நட்டநடுவுல மட்டும் மங்கலா... தூசின்னு நெனச்சேன். தேய்ச்சு முடிச்சாச்சு. தூசி மட்டும் போகல.

— டாக்டர்?

— பாத்தாச்சு. இருக்கிறதைக் காப்பாத்தலாமாம். போனது போனதுதானாம்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— எவ்வளவோ சொல்லியிருக்கேன் உங்கிட்ட. இது மட்டும்... வாயில வரல.

— சரி, வழியை விடுங்க. இறங்கறேன்.

— கோவமா?

— இல்ல, இடம் மாத்தறேன். நீங்க இங்க வந்து உக்காருங்க. நான் அந்தப் பக்கம்.

— ஏய்... அது டிரைவர் சீட்டு!

— தெரியுது.

— யாரு ஓட்டறது?

— பின்ன, அந்தக் காக்காவா? நான்தான்.

— உனக்கு எப்படிம்மா...

— பாட்டு கிளாஸ் போறேன், பாட்டு கிளாஸ் போறேன்னு போனேனே... அது டிரைவிங் ஸ்கூலு. லைசென்ஸ் வந்தாச்சு.

— அடிப்பாவி!

— வாஷிங் மெஷின் செவப்பான மறுநாளே போய்ச் சேந்துட்டேன்.

— தெரிஞ்சுமா சும்மா இருந்த?

— நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு பாத்தேன். குடை வரைக்கும் கொண்டுவந்துட்டீங்க... அட, தலையைக் குனிஞ்சு உள்ள வாங்க. இடிச்சுக்கப் போறீங்க.

— ...வந்துட்டேன். பெல்ட்டைப் போடு.

— போட்டாச்சு. ஆனா ஒண்ணுங்க, எனக்கு ஒரே பயம்தான். இது நெட்டை ஆளுங்களுக்குன்னு செஞ்ச வண்டி. என் காலு எங்க எட்டப் போகுது...

— வச்சுப் பாரேன்.

— எட்டுதே! ...இதென்ன, பெடல் மேல கட்டை? மூணுலயும்! சீட்டும் முன்னால வந்திருக்கு... என்னங்க இது? இதுல உக்காந்தா உங்க முட்டி மூஞ்சியில இடிக்குமே.

— இடிக்கும்தான்.

— அப்போ இது... நான் ஓட்டப் போறேன்னு உங்களுக்கு... இருங்க, இருங்க. அளவு எப்படி இவ்வளவு சரியா எடுத்தீங்க?

— பாட்டு கிளாஸ் போறவ தூக்கத்துல பாடுவா. நீ தினம் என் காலைக் கிளட்ச்சுன்னு நெனச்சு மிதிச்சே... அப்போ எடுத்தது. மெதுவா விடு இப்போ.