ம் கொட்ட ஒரு ஆள்

மாலை ஆறே முக்கால் இருக்கும். தார் ரோடு முடிந்து மண் ரோடு தொடங்குகிற இடம். அதற்கப்புறம் நாலு கிலோமீட்டருக்கு ஒரு விளக்கு கிடையாது, ஒரு கடை கிடையாது... காரில் ஒரே ஒரு ஆள். போனில் சிக்னல் சுத்தமாகப் போய்விட்டது. அதைப் பார்த்து அந்த மனுஷன் நிம்மதியாக மூச்சு விட்டார்.

நெருங்கி உட்காருங்கள். விளக்கு அப்படியே இருக்கட்டும். இது என்னோடு எடிட்டிங்கில் வேலை பார்க்கிற நண்பனின் அத்தானுக்கு நடந்தது. கூடப் பிறந்த அக்காவின் புருஷன். சினிமாவுக்குக் கதை வசனம் எழுதுகிறவர். எங்கள் கூட்டத்தில் அவருக்குக் கதைக்காரர் என்று பேர்.

கதைக்காரருக்கு ஒரு பழக்கம். தனியாக உட்கார்ந்தால் ஒரு வரி ஓடாது. அறைக்குள் நடந்துகொண்டே காட்சியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எதிரே ஒருத்தர் 'ம்' கொட்ட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கொட்டியது அக்காதான். துணி மடித்துக்கொண்டே கொட்டுவாள். 'ம்' உடனே வந்தால் காட்சி பிழைத்தது. தாமதமாக வந்தால் தொய்கிறது. 'ம்ம்?' என்று இழுத்தால் அந்த இடத்தில் பொய் இருக்கிறது. அவர் அதை அப்படியே வெட்டிவிடுவார். இத்தனை படத்தில் ஒன்றிலாவது அவள் பேரைப் போட்டாரா என்று கேட்காதீர்கள், எனக்கு வயிறு எரியும்.

அந்தச் சமயம் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நுரையீரலில் நீர். பத்து நாள் தாண்டட்டும், பார்க்கலாம் என்றார் டாக்டர். இவருக்கோ வரிசையாக இரண்டு படம் மண்ணைக் கவ்வியிருந்தது. அதே பத்து நாளில் முழுக்கதையும் கைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

ஊருக்கு வெளியே உட்கார்ந்து எழுத மூன்று வீடு பார்த்தார். ஒன்று ஆற்றோரம், ஆட்கள் வந்து போவார்கள். ஒன்று ஆஸ்பத்திரியிலிருந்து அரை மணி நேரம். இன்னொன்று நாலு மணி நேரப் பயணம், போனே எடுக்காது. அந்த மூன்றாவதுதான் அவருக்குப் பிடித்தது. அவசரம் என்றால் எப்படிக் கூப்பிடுவது என்று மச்சான், அதாவது என் நண்பன், கேட்டதற்கு, "அதுக்குத்தாம்பா அங்க போறேன்" என்றாராம்.

கிளம்பும்போது அக்கா மூக்கில் குழாயோடு கேட்டாள். "முதல் சீனையாவது சொல்லிட்டுப் போங்களேன்."

"முழுசா முடிச்சிட்டு வந்து சொல்றேன்."

மூன்று நாள் ஒன்றும் நகரவில்லை. பழைய வீடு, மரப்படி, மாடியில் இரண்டு அறை. சுவரைப் பார்த்துச் சொன்னார். கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். தோட்டக்காரரைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னார். அந்த ஆள் பத்தாவது நிமிஷம் குறட்டை விட்டுவிட்டார்.

நாலாம் நாள். மத்தியானம் இரண்டரை மணி. சுள்ளென்று வெயில். பேய்க்கு ராத்திரிதான் தோது என்று யார் சொன்னது... நடந்துகொண்டே முதல் காட்சியைத் திரும்பவும் ஆரம்பித்தார். கதாநாயகி கதவைத் திறக்கிறாள், என்றார்.

பக்கத்து அறையிலிருந்து... 'ம்'.

நின்றுவிட்டார். அறை முழுக்க ஃபினாயில் வாசனை. எங்கோ சொட்டுச் சொட்டாக ஒரு சத்தம். அடுத்த வரியைச் சொன்னார். 'ம்.' முடிவில் லேசாக இருமலை விழுங்குகிற, அக்காவின் அதே 'ம்'. எட்டிப் பார்த்தார். காலி நாற்காலி.

போய்விட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து அழுதார். அழுதது நிஜம், அதை மறுக்கக் கூடாது. கார் சாவியை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போனார். அங்கே நின்று யோசித்தார். உயிரோடு இருந்தால் ஓடலாம், போனவளுக்கு என்ன அவசரம்? மச்சான் இருக்கிறான், ஆக வேண்டியதைப் பார்த்துக்கொள்வான். இங்கே என்றால் அவள் கூடவாவது இருக்கிறாள்... இப்படியெல்லாம் நினைத்ததாக அவரே பிறகு சொன்னார். திரும்பி மாடி ஏறினார்.

டேய், மூலையில் இருக்கிறவனே, நீ ஏன் இப்போது 'ம்' என்றாய்? பேசாமல் கேள்.

ஆறு நாள். கதை மடை திறந்தது போல் வந்தது. 'ம்' தாமதமான இடங்களை வெட்டினார். காமெடிக் காட்சியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தப் படம் நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். அழுதிருப்பீர்கள், நானும்தான் அழுதேன்.

பத்தாம் நாள் ராத்திரி பதினொன்றேகால். கடைசிக் காட்சியைச் சொல்லி, எழுதி, "அவ்வளவுதான்" என்று கம்ப்யூட்டரை மூடினார்.

"அப்புறம்?"

அவள் அப்படிக் கேட்டதே கிடையாது. நாற்காலி கிறீச்சென்றது. திரும்பவும், இன்னும் கிட்டத்தில்... "அப்புறம்?"

அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. வேலை முடிகிறவரைக்கும் வராத பயம், பாருங்கள். "அப்புறம் ஒண்ணுமில்ல. கதை முடிஞ்சுபோச்சு. நீ போ" என்றார்.

சொட்டுச் சத்தம் நின்றுவிட்டது.

விடிந்ததும் கிளம்பினார். துக்கமெல்லாம் ஆறிப்போன வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது என்று வழியெல்லாம் பழகிக்கொண்டே வந்திருப்பார். வாசலில் அப்போதுதான் வண்டியிலிருந்து நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். என் நண்பன் வெளியே வந்தான்.

"எத்தனை நாளாச்சுப்பா?"

"எத்தனை நாளா? நேத்து ராத்திரிதான் அத்தான்."

நாலாம் நாள் மத்தியானம் அவளுக்கு நினைவு தப்பியதாம். கண் திறக்கவில்லை. ஆனால் பகலும் ராத்திரியும் விட்டுவிட்டு 'ம்' என்றாளாம். என்னக்கா வேணும் என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு தரம் தானாகச் சிரித்தாளாம். நெஞ்சு தெளிந்து வருகிறது, பிழைத்துவிடுவாள் என்றே டாக்டர் சொல்லிவிட்டாராம்.

கதைக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஏதாவது சொன்னாளா என்று கேட்டார்.

நண்பன் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "பதினொன்னேகாலுக்குக் கண்ணைத் திறந்தா. என்னை நல்லா அடையாளம் தெரிஞ்சுது. 'அவரு போகச் சொல்லிட்டாருடா'ன்னா."