நாலாம் நம்பர் டிரம்

– நிறுத்த முடியாது தம்பி. உள்ள ஓடுறது ஆபரேஷன் தியேட்டர் துணி. பாதியில நிறுத்தினா மறுபடியும் முதல்லேர்ந்து காய வைக்கணும். அங்க டாக்டர் கையைக் கழுவிட்டு, ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு நிப்பாரு, எங்கடா என் அங்கின்னு.

– ஒரே ஒரு நிமிஷம் அக்கா. நாலாம் நம்பரை மட்டும். பின்னாடி கையை விட்டு ஒரு சாமானை எடுத்துட்டு உடனே போட்டுடறேன்.

– இந்த ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல பத்தொம்பது வருஷமா இஸ்திரி போடுறேன். டிரம்முக்குப் பின்னாடி கையை விட்டு எலியைத் தவிர வேற எதையும் யாரும் எடுத்ததில்லை. நீ எதை எடுக்கப் போற?

– சைக்கிள் மீட்டர்.

– சைக்கிள் மீட்டருக்கு அங்க என்ன வேலை?

– அஞ்சு மணிக்குள்ள ரேஸ் கமிட்டி ஆபீஸ்ல அதை ஒப்படைக்கணும் அக்கா. எல்லாரோட மீட்டரையும் வாங்கிப் பரிசோதிக்கிறாங்களாம். இப்பவே மூணேகால்.

– நான் கேட்டது அது இல்லையே.

– டிரம் நிக்கட்டும் அக்கா, சொல்றேன்.

– இன்னும் இருபது நிமிஷம் ஓடும் அது. இந்தா, இந்தப் படுக்கை விரிப்போட அந்தப் பக்க முனை ரெண்டையும் பிடி. மடிச்சுக்கிட்டே சொல்லு. ஏன் கேக்குறேன்னா, சனிக்கிழமை விடிஞ்சா ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் மிதிக்கப் போறவன் நீ. தொண்ணூறு மணி நேரத்துல. அந்த மீட்டர் உன் சைக்கிள்ல இல்ல இருக்கணும்?

– நீங்க தப்பா நெனைக்கக் கூடாது.

– அதை நீ சொன்னப்புறம் நான் முடிவு பண்ணிக்கிறேன். இழுத்துப் பிடி. தொங்குது பாரு.

– அந்த மீட்டரை நான்தான் மாட்டினேன். நாலாம் நம்பருக்குப் பின்னாடி பெல்ட் சுத்துதே, அந்தச் சக்கரத்துல.

– எதுக்கு?

– அது ஓடும்ல.

– ஓடும். அதுக்காக?

– மீட்டர் சக்கரம் சுத்துறதைத்தான் அக்கா எண்ணும். யாரோட சக்கரம்னு கேக்காது. என் போன் பக்கத்துல வந்ததும் கிலோமீட்டர் எல்லாம் அதுவா போன்ல ஏறிடும். அங்கேர்ந்து என் பயிற்சிக் கணக்கா கமிட்டிக்குப் போயிடும்.

– முனையைக் குடு. கிட்ட வா. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. அப்ப நீ சைக்கிள் மிதிக்கலையா?

– மிதிச்சேன்.

– எத்தனை நாள்?

– மூணு.

– எட்டு மாசத்துல?

– மூணாவது நாள் பாதிதான்.

– நல்லா இருக்குடா கதை. காலையில நாலு மணிக்கு ஆரம்பிக்கிற ஷிப்ட் உன்னுது. ‘பயிற்சிக்குப் போகணும் அக்கா, நாலுலேர்ந்து எட்டு வரைக்கும் மட்டும் பாத்துக்குங்க’ன்னு இதே மேஜை முன்னாடி நின்னு என்கிட்ட கேட்டே. எட்டு மாசம் பாத்தேன். அந்த நாலு மணி நேரம் நீ எங்க இருந்தே?

– இங்கதான்.

– இங்கன்னா?

– மேல, துணிக் கிடங்குல. போர்வை மூட்டை இருக்கே, ஜன்னல் ஓரம். அதுக்கு நடுவுல.

– என்ன பண்ணினே?

– தூங்கினேன்.

– என் தலைக்கு மேலயா?

– எனக்கே வெக்கமா இருக்கு அக்கா.

– இருக்கட்டும், நல்லது. எட்டு மணிக்கு நீ படியிறங்கி வரும்போது சட்டை எல்லாம் நனைஞ்சிருக்குமே? ‘பாவம், பிள்ளை எப்படி வேர்த்து வருது’ன்னு நான் துண்டை எடுத்துக் குடுப்பேனே?

– கிடங்குல ஒரு குழாய் இருக்கு.

– குழாய்த் தண்ணியா அது? ஒருநாள் அந்தத் துண்டைப் பிழிஞ்சு பாத்துட்டு, ‘இவன் வேர்வையில உப்பே இல்லை, ஒழுங்கா சாப்பிடுறதில்லை போல’ன்னு கவலைப்பட்டேன்டா நான். வீட்டுல என்ன சொல்லி வெச்சிருக்கே?

– வீட்டுலதான் அக்கா முழுப் பிரச்சினையும். மூணு மணிக்கு எழுப்பி விடுறதே அவதான். பிளாஸ்க்குல வெந்நீர் ஊத்திக் குடுத்து, ஹெல்மெட் வாரை அவ கையாலயே மாட்டி, தெருமுனை திரும்புற வரைக்கும் வாசல்ல நிப்பா. வீட்டுல தூங்க முடியாதுன்னுதான் இங்க வந்தேன். சாயங்காலம் கெண்டைக்காலுக்கு எண்ணெய் தேய்ச்சு விடுவா. ‘கல்லு மாதிரி ஆயிடுச்சுங்க’ன்னு சொல்லுவா.

– ஆயிடுச்சா?

– முன்னாடியும் அப்படித்தான் இருந்துச்சு. முன்னாடி அவ தொட்டுப் பாத்ததில்லை.

– ஆறு கிலோ ஏறியிருக்கியேடா நீ.

– சதை இறுகினா எடை கூடும்னு சொல்லி வெச்சிருக்கேன்.

– சரி, மேல சொல்லு. மூணாவது நாள் என்ன ஆச்சு?

– பாலத்து மேடு ஏறிட்டிருந்தேன். நாக்கு வெளிய தொங்குது. பின்னாடி யாரோ வர்ற சத்தம். பாத்தா ஒரு பெரியவர், தலையில கட்டிலைக் கவுத்து வெச்சுக்கிட்டு நடந்து வர்றாரு. மரக்கட்டில் அக்கா, நாலு காலும் வானத்தைப் பாக்குது. என்னைத் தாண்டிப் போனாரு.

– நடந்தா?

– நடந்துதான். தாண்டினவரு சும்மா போயிருக்கலாம். திரும்பிப் பாத்து, ‘முடியலைன்னா இதுல ஏறிப் படுத்துக்க தம்பி, மேடு வரைக்கும் கொண்டு விடுறேன்’னாரு.

– ஏறினியா?

– அக்கா!

– ஏன் கேக்குறேன்னா, உன்னை இனிமே எதுக்கும் நம்ப முடியாது. அடுத்த விரிப்பை எடு. அன்னிக்கே வந்து, ‘என்னால ஆகலை’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?

– சொல்லத்தான் வந்தேன். உள்ள நுழைஞ்சா, நீங்க எல்லாருமாச் சேர்ந்து சுவத்துல என் படத்தை ஒட்டி வெச்சிருந்தீங்க. ஈரத் துணியை விட்டுட்டு வந்து கை தட்டினீங்க. நாளைக்குச் சொல்லலாம்னு நெனைச்சேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் நாளைக்குத்தான். உங்களுக்கும் பெரிய சிரமம் இல்லைன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். வீடு பக்கத்துலதானே உங்களுக்கு.

– பக்கத்துலயா? யாரு சொன்னா உனக்கு...

– ஏ சாம்பியன்! இங்கதான் இருக்கியா? உன்னைத் தேடி மூணு மாடி ஏறி இறங்கிட்டேன். அக்கா, பிள்ளையை விரிப்பு மடிக்க விடாதீங்க. கையில சுளுக்கு விழுந்தா யாரு பதில் சொல்றது?

– வாங்க பாய்லர் அண்ணே. மடிக்கிறதுல எல்லாம் சுளுக்காது. நல்லாத் தூங்கின கை.

– தூங்கவே நேரம் ஏது அவனுக்கு? அக்கா, நான் சொன்னா நம்ப மாட்டீங்க, போன மழையில என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். விடியலுக்கு முன்னாடி, வேலை முடிஞ்சு வண்டியில போறேன். மழைன்னா மழை, வானத்துக்கும் தரைக்கும் நடுவுல எடமே இல்லை. மீனெல்லாம் ரோட்டுலேர்ந்து நேரா மேகத்துக்கு நீந்திப் போகுது. பாலத்து மேட்டுல ஒரு லாரி முக்கி முக்கி ஏறுது. அதுக்குப் பக்கத்துல ஒரு சைக்கிள். தலையில பாலிதீன் பையைக் கவுத்துக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம மிதிக்குது ஒரு உருவம். லாரி பின்தங்கிடுச்சு!

– அண்ணே, அது நான் இல்ல அண்ணே.

– பாத்தீங்களா அடக்கத்தை? ‘சாம்பியன்’னு கத்தினேன். திரும்பாம ஒத்தைக் கையை மட்டும் தூக்கிக் காட்டிட்டுப் போயிட்ட. அன்னிக்கு வீட்டுக்குப் போய் என் சம்சாரத்துக்கிட்ட அழுதேன் தெரியுமா? அது கிடக்கட்டும், சனிக்கிழமை கொடி அசைக்கப் பெரிய டாக்டரே வர்றாராம். சலவைக்கூடம் எந்தப் பக்கம்னு நேத்துதான் அவரு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாராம். உன்னாலதான்! வர்றேன், பாய்லர் பொங்கிடும்.

– போயிட்டாரு தம்பி. தலையைத் தூக்கு.

– அவரு வாயைத் திறந்தா பொய்தான்னு ஊருக்கே தெரியும். ஆனா இப்ப அவரு முன்னாடி நான் நிக்கிறேன் பாருங்க, அதுதான் தாங்க முடியலை. அவரு பொய்யால யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

– சனிக்கிழமை என்ன பண்றதா இருந்தே? டிரம்மைத் தூக்கிட்டுப் போவியா?

– எலும்பு வார்டுல மாவுக்கட்டுப் போடுற அண்ணன்கிட்ட பேசி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில விழுந்துட்டேன்னு ஒரு கட்டு.

– எந்தக் காலு?

– இன்னும் முடிவு பண்ணலை.

– உன் பொண்டாட்டி அந்தக் கட்டு மேலயும் எண்ணெய் தேய்க்கட்டும். பாவி. நான் எதுக்கு எட்டு மாசம் வந்தேன் தெரியுமா? உனக்காகன்னு நெனைக்காதே. இந்தக் கட்டடத்துல நம்ம துணி வண்டி வந்தா ஆளாளுக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு ஒதுங்குறாங்க. லிப்ட்டுல ஏறினா இறங்கிக்கிறாங்க. அழுக்கு அவங்களுது, நாத்தம் மட்டும் நம்மளுது. ஒருத்தன், நம்ம கூடத்துலேர்ந்து ஒரே ஒருத்தன், வெளிய போய் மூச்சு வாங்கி நின்னு, ‘நான் சலவைக்கூடத்து ஆளு’ன்னு நாலு பேரு முன்னாடி சொன்னான்னா... அதுக்கு வந்தேன்டா நான். நீ மூட்டைக்கு நடுவுல குறட்டை விட்டிருக்கே.

– அக்கா, என்னைத் திட்டுங்க. இப்படி மெதுவாப் பேசாதீங்க.

– திட்ட வரலை. அந்த விரிப்பைக் கீழே விடாதே, தரை ஈரம். இப்ப என்ன பண்ணப் போற?

– நீங்க சொல்லுங்க.

– நான் சொல்ல மாட்டேன். எட்டு மாசம் உனக்குப் பதிலா நான் நின்னது போதும். இதுக்கு நீயே நில்லு.

– சொல்லிடறேன் அக்கா. மீட்டரை எடுத்துட்டு நேரா கமிட்டிக்குப் போறேன். ‘இது டிரம்ல ஓடினது’ன்னு என் வாயாலயே சொல்றேன். வந்து, இங்க எல்லாரையும் நிறுத்தி வெச்சுச் சொல்றேன். கடைசியா வீட்டுல. வீட்டுல சொல்றதுதான் ரொம்பக் கஷ்டமா இருக்கும்.

– இருக்கட்டும். இதோ, டிரம் நின்னுடுச்சு. போ, எடு. சூடா இருக்கும், துணியைச் சுத்திக்கிட்டுக் கையை விடு.

– கையை விட்டுட்டேன் அக்கா. அப்பா, என்ன சூடு!

– கிடைச்சுதா?

– இல்லை அக்கா. ஒட்டியிருந்த தடம் மட்டும் இருக்கு. மீட்டரைக் காணோம்.

– நல்லாப் பாரு. பெல்ட்டுக்குக் கீழே?

– பஞ்சுதான் இருக்கு. அது எப்படி? இன்னிக்குக் காலையில கூட கிலோமீட்டர் ஏறியிருக்கே போன்ல. இங்க பாருங்க, இருபத்திரெண்டு.

– டிரம் இன்னிக்குக் காலையில ஓடவே இல்லையேடா. பாய்லர்ல ஆவி இல்லை. மத்தியானம்தான் போட்டேன்.

– எனக்கு ஒண்ணும் புரியலை. இது கொஞ்ச நாளாவே ஒரு மாதிரி இருக்கு. முதல் அஞ்சு மாசம் ஒரே சீரா முப்பத்தோரு கிலோமீட்டர் வேகம், ஏத்தம் இல்லை, இறக்கம் இல்லை. அப்புறம் திடீர்னு இளைச்சுப் போச்சு. மெதுவா ஏறுது, வேகமா இறங்குது, எங்கயோ நின்னு மூச்சு வாங்குது. விடியலுக்கு முன்னாடி இருபத்திரெண்டு, மத்தியானத்துக்கு மேல இருபத்திரெண்டு. டிரம்முக்கு வயசாயிடுச்சுன்னு நெனைச்சேன். ஆனா கமிட்டிக்காரங்க எழுதின கடிதத்துல என்ன சொன்னாங்க தெரியுமா? ‘உங்க முதல் அஞ்சு மாசத்துல எங்களுக்கு நம்பிக்கை இல்லை. எந்திரம் ஓட்டின மாதிரி இருக்கு. கடைசி மூணு மாசத்தைப் பாத்துத்தான் சேத்துக்கிட்டோம். மழையிலயும் ஒருநாள் கூட விடலை, அது நிஜ மனுஷக் கால்’னு.

– அந்த மீட்டர் எவ்வளவு பெருசு? கரண்டு மீட்டர் மாதிரி பெட்டியா?

– இல்லை அக்கா, சின்னது. கோட்டுப் பொத்தான் அளவு. கறுப்பா இருக்கும். சுத்தும்போது செவப்பா மின்னும்.

– அதுவா? அது மூணு மாசம் முன்னாடியே கழண்டு கீழே விழுந்து கிடந்துச்சே. என்னன்னு தெரியலை. ஆனா சுத்தினா மின்னுதேன்னு நான் எடுத்துச் சக்கரத்துல கட்டிக்கிட்டேன். இருட்டுல லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியுமில்ல.

– எந்தச் சக்கரத்துல அக்கா?

– ஏன்டா, முதல் பஸ் அஞ்சே முக்காலுக்குத்தான். நாலு மணி ஷிப்டுக்கு நான் எட்டு மாசமா எதுல வந்தேன்னு நெனைச்சே?