மாமியாக்காய்

ரயில் ரோடு போடாத காலம், கேட்டுக்கிடுங்க. கரிசக்காட்டுல நெடுங்கரைப்பட்டின்னு ஒரு ஊரு. அங்க ஆவுடைன்னு ஒரு மாமியா, குருவத்தாயின்னு ஒரு மருமக. ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாதாம். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, என்ன சொல்லணும்னாலும் சுவத்தப் பாத்துத்தான் சொல்லிக்கிடுவாங்களாம்.

அந்த வருசம் மழ பேஞ்சுச்சு. பேஞ்சும் பிரயோசனம் இல்ல. மொளச்ச கம்பையும் சோளத்தையும் வெட்டுக்கிளி வந்து மொட்டையடிச்சிட்டுப் போயிருச்சாம். குருவத்தாயி புருசன் மேற்க மலையோரமாப் பொழைக்கப் போனவன், ஒரு தகவலும் இல்ல. குலுக்கையில ஒரு மணி தானியம் கெடையாது. கைப்பிள்ள அழுவுது, தாய்க்குப் பாலு இல்ல.

காடு பூராவும் ஒரே ஒரு கொடிதான் பச்சையாப் படந்து கெடந்துச்சாம். அதுல சுண்டுவிரல் அளவுல காய், ரெண்டு முனையும் கூரா இருக்கும். ஆடு மாடு வாய் வைக்காது. அதனால வெசக்காய்னு ஊர்ல ஒருத்தரும் தொடுறதில்ல. குருவத்தாயி கீரை தேடிப் போன எடத்துல, ஒரு கௌதாரி அந்தக் காயைக் கொத்தித் தின்னுக்கிட்டு இருந்துச்சாம். அவ அங்கனயே உக்காந்து பாத்தா. தின்னுச்சு, மண்ணுல பெரண்டுச்சு, நல்லாப் பறந்து போயிருச்சு. இவ மடி நெறையப் பறிச்சிட்டு வந்துட்டா.

மொதல்ல நறுக்கித் தண்ணியில வேக வச்சாளாம். நாக்கு நுனியில வச்சதும் துப்பிட்டா. அப்படிக் கசப்பு. பெறவு யோசிச்சா. நறுக்காம, ரெண்டு முனையையும் மட்டும் கிள்ளி, முழுக்காயாச் சட்டியில போட்டு, வெளக்குக்கு வச்சிருந்த நல்லெண்ணெய ஊத்தி, உப்புப் போட்டு வதக்குனா. வதக்குனா, வதக்குனா, காய் சுருங்கிக் கறுக்குற வரைக்கும் வதக்குனா. வாசம் வீடு பூரா எந்திரிச்சுச்சாம்.

ஒரு காயை வாய்க்குக் கொண்டு போறா. ஆவுடை வந்து கையப் புடிச்சுட்டா.

"நீ பிள்ளக்காரி. நான் திங்கேன்."

"வெசமா இருந்தா, அத்தே?"

"இருந்தா மிச்சத்த எடுத்துக் கொட்டிரு."

அம்புட்டுதான் பேச்சு. கும்பாவுல அள்ளிப் போட்டுத் தின்னுட்டு, வேப்பமரத்து நெழல்ல போய்ப் படுத்துக்கிட்டாளாம்.

குருவத்தாயி பிள்ளைய மடியில போட்டுக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்துட்டா. மாமியா நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்துக்கிட்டே இருந்தா. வெயில் சாஞ்சுச்சு. ஆவுடை அசையல. இத்தன நாளும் இவ எப்பப் போய்ச் சேருவான்னு நெனச்ச மனசு, இப்ப எந்திரிச்சிரு அத்தே, எந்திரிச்சிருன்னு கெடந்து அடிச்சுச்சாம். கடைசியில தாங்க மாட்டாம, தோளப் புடிச்சு உலுக்கிட்டா.

ஆவுடை கண்ண முழிச்சுப் பாத்தாளாம்.

"வயிறு நெறஞ்சா மனுசிக்குத் தூக்கம் வராதா? சட்டியில மிச்சம் இருக்கா?"

இருந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே கும்பாவுல தின்னாங்க. மறுநா ஊரே கூடையத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குப் போச்சாம்.

மத்த ஊர்ல அத அதலக்காய்னு சொல்லுவாங்க. நெடுங்கரைப்பட்டிக்காரங்க மட்டும் மாமியாக்காய்ம்பாங்க. இன்னைக்கும் அந்தூர்ல வருசத்து மொதக் காய வதக்குனா, மொத வாய் மாமியாளுக்குத்தான். அவ தின்னு முடிக்கிற வரைக்கும் மருமக பக்கத்துல உக்காந்திருக்கணும். பெறவு அதே கும்பாவுலதான் மருமக திங்கணும். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுலயும் அப்படித்தான்.